கம்பத்தில் தொடங்கி வைகையோடு போகும் ஒரு தட்டச்சு விளையாட்டு: செய்முறைப் பதிவு

சென்ற ஆண்டு மே மாத விடுமுறைக்கு உத்தமபாளையத்திலிருந்து மதுரை செல்லூருக்கு வந்திருந்த அக்கா மகளுக்குத் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தொடங்கிய வேலை, அவள் ஊர் திரும்பிப் பள்ளி திறந்து காலாண்டுத் தேர்வு முடியும் வரை நீண்டுவிட்டது. இதற்கிடையில் விளையாட்டை மூன்று முறை கலைத்துக் கட்டினேன். எங்கே சறுக்கினேன், எதை மாற்றியபோது சரியானது என்பதைத் தமிழில் இத்தகைய விளையாட்டைச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதல் வடிவத்தில் சொற்கள் வானத்திலிருந்து விழும். தரையைத் தொடுவதற்குள் அவற்றைத் தட்டச்சு செய்தால் அரக்கனின் கோட்டையை நோக்கி வீரன் ஓரடி நகர்வான். இரண்டு நாளில் முடித்துவிட்ட பெருமிதத்தோடு அவளிடம் கொடுத்தேன். இரண்டு முறை ஆடிவிட்டு, "மாமா, கோட்டைக்குப் போறவன் எதுக்கு 'தக்காளி'ன்னு அடிக்கிறான்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சொல்லும் பயணமும் ஒன்றையொன்று தொடாமல் இணைகோடுகளாகப் போய்க்கொண்டிருந்தன. வீரனுக்குப் பதிலாக ஒரு கோழியை நடக்கவிட்டிருந்தாலும் அந்த விளையாட்டில் எதுவும் மாறியிருக்காது.

எனவே, தட்டச்சு செய்யப்படும் சொல்லே கதையில் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் கற்றுக்கொள்பவருக்கு முதல் நாளில் எல்லா விசைகளும் தெரியாதே. கதையை நான் விரும்பியபடி எழுத முடியாது. அவருடைய விரலுக்கு இதுவரை பழகிய எழுத்துகளைக் கொண்டுதான் எழுத வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை முதலில் தொல்லையாக நினைத்தேன். பயணத்துக்கு வழி காட்டியதே அதுதான் என்பது பிறகு தெரிந்தது.

விசைப்பலகையாக நான் எடுத்துக்கொண்டது தமிழ் 99. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகித் தமிழக அரசின் ஏற்பைப் பெற்ற அமைப்பு அது. உயிர் எழுத்துகள் இடக்கைக்கும் மெய் எழுத்துகள் வலக்கைக்கும் பெரும்பாலும் பிரிந்திருப்பதால், மெய்யை ஒரு கையும் உயிரை மறு கையுமாக மாறி மாறித் தட்டும் தாளம் விரைவில் வந்துவிடுகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தாமல் கிடைக்கும் எழுத்து விசைகள் 31. அவற்றுள் விரல்கள் இளைப்பாறும் நடுவரிசையில் இருப்பவை 11: அ, இ, உ, புள்ளியாகவும் பயன்படும் ஆய்தம், எ, க, ப, ம, த, ந, ய.

இந்தப் பதினொன்றை மட்டும் வைத்துக்கொண்டு என்னவெல்லாம் எழுதலாம் என்று பார்க்க, நான் சேர்த்துவைத்திருந்த சொற்பட்டியலை வடிகட்டும் சிறு நிரல் ஒன்றைப் பைதானில் எழுதினேன். தம்பி, பந்து, முத்து, பயம், தயக்கம், முகம் என்று சொற்கள் வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவே இரண்டு சொற்களைக் கண்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்று தந்தி, மற்றொன்று கம்பம். நடுவரிசையை விட்டு விரலை எடுக்காமலேயே ஓர் ஊரின் பெயரையும் அங்கிருந்து அனுப்ப வேண்டிய ஒரு செய்தியையும் எழுதிவிடலாம். "எம் தம்பிக்கு இந்தத் தந்தி" என்று முழு வாக்கியமே அமைந்துவிட்டது. கதை அங்கேயே பிறந்தது என்று சொல்லலாம்: மலையில் பெருமழை, வைகையில் வெள்ளம் வரப்போகிறது, கம்பத்திலிருந்து ஒரு தந்தியோடு புறப்படும் ஆள், ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் செய்தி சொல்லிக்கொண்டே தண்ணீருக்கு முன்னால் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைய வேண்டும்.

தந்தி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை என்பதையும் குறித்துவிடுகிறேன். "அது பேப்பர்தானே?" என்றாள். தந்திச் சேவை 2013 ஜூலையிலேயே நின்றுபோனது. அதன் பெயரைச் சுமந்து 1942இல் இதே மதுரையில் தொடங்கிய தினத்தந்தி மட்டும் இன்னும் வாசலில் விழுகிறது. ஆகவே, முதல் திரையில் தந்தி என்பதற்கு இரண்டு வரி விளக்கம் சேர்க்க வேண்டியதாயிற்று.

அடுத்து வழித்தடம். ஒவ்வோர் ஊர்ப் பெயரும் எத்தனை புதிய விசைகளைக் கேட்கிறது என்று தாளில் எழுதிப் பார்த்தேன். கம்பத்தை அடுத்த உத்தமபாளையத்துக்கு ஆ, ள, ஐ ஆகிய மூன்றும் வேண்டும், மூன்றும் மேல்வரிசை. தேனிக்கு ஏ, ன. ஆண்டிபட்டிக்கு ண, ட. இவையும் மேல்வரிசையே. அணையை அடைந்து 'வைகை' என்று எழுதும்போதுதான் வ வருகிறது. விரல் கீழ்வரிசைக்கு முதன்முறையாக இறங்கும் இடமும் பயணி ஆற்றில் இறங்கும் இடமும் ஒன்றாக அமைந்தன. நான் திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்கு வந்திருக்காது.

ஆனால் இந்த ஒழுங்குக்காக நான் ஒரு திருட்டு செய்திருந்தேன். உத்தமபாளையத்துக்கும் தேனிக்கும் நடுவே உள்ள சின்னமனூருக்குக் கீழ்வரிசை ர வேண்டும் என்பதால் அந்த ஊரையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். ஆண்டு முழுவதும் அந்தச் சாலையில் பேருந்தில் போய்வருபவளிடம் இது செல்லுபடியாகவில்லை. சின்னமனூரைத் தாண்டாமல் தேனிக்கு எப்படிப் போவது என்று கேட்டவள், அதற்கு மேல் ஆடவும் மறுத்துவிட்டாள். அவள் பிடிவாதத்தால் நன்மையே விளைந்தது. ர இல்லாமல் தமிழில் நான்கு வரி சேர்ந்தாற்போல் எழுதுவது பெரும்பாடு என்பதை அதற்குள் நான் உணர்ந்திருந்தேன். வலக்கைச் சுட்டுவிரல் சற்றே கீழிறங்கினால் கிடைத்துவிடும் எழுத்து அது. சின்னமனூரில் ச, ன, ஊ, ர நான்கையும் அறிமுகப்படுத்தினேன். தேனிக்கு ஏ ஒன்றுதான் மிஞ்சியது. 'வைகை'யில் முதன்முறையாகக் கீழிறங்கும் அழகு போனது. ஊர் வரிசை உண்மையானது.

அணைக்குக் கீழே வந்து கலக்கும் மஞ்சளாற்றில் ஞ, ற. சோழவந்தானில் ஓ, ழ. அவ்வூரின் பெயர்பெற்ற வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தால் ஒ, ல. மதுரைக்குள் வரும்போது பயணி மக்களை நோக்கி "ஆற்றில் இறங்காதீர்கள்" என்று கூவ வேண்டும். அதில் ங, ஈ. பேரணைக்கு மட்டும் புதிய விசை எதுவும் தேவைப்படவில்லை. பெரியாற்றுப் பிரதானக் கால்வாய் பிரியும் அந்த இடத்தை, பழைய சொற்களைத் திரும்பப் பயிலும் இளைப்பாறும் மண்டபமாக வைத்துக்கொண்டேன். மதுரையைத் தாண்டும்போது 30 விசைகள் விரலுக்கு வந்துவிடுகின்றன. மிச்சம் ஔ ஒன்றுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி நிரல். ஒரே கோப்பில் அடங்கும் ஜாவாஸ்கிரிப்ட். இணையம் இல்லாமலும் உலாவியில் திறந்து ஆடலாம். தமிழ் விசைப்பலகை நிறுவப்படாத கணினியிலும் ஓட வேண்டும் என்பதால், எந்த எழுத்து வந்தது என்று கணினியைக் கேட்காமல், எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்று மட்டும் கேட்டு, எழுத்தாக மாற்றும் வேலையை விளையாட்டே செய்யும்படி வைத்தேன். இதில் பெரிய சிக்கல் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

அவள் தன் ஊர்ப் பெயரை எழுதியதும் அந்த எண்ணம் உடைந்தது. தமிழ் 99இல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இன எழுத்து இணைகளுக்கும் அப்படியே. கம்பம் என்பதை ஐந்தே தட்டில் எழுத முடிவது இந்த வசதியால்தான். ஆனால் உத்தமபாளையத்தில் மகரத்தை அடுத்துப் பகரம் வருகிறது. திரையில் 'உத்தம்பாளையம்' என்று விழுந்தது. "எங்க ஊர் பேரே தப்பா வருது மாமா" என்று அவள் சொன்னபோது நிரலில் பிழை என்றே நினைத்து ஒரு மணி நேரம் தேடினேன். பிழை நிரலில் இல்லை, விதி அப்படி. இத்தகைய இடத்தில் ம தட்டியதும் அ ஒன்றைத் தட்டி, புள்ளி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் ப தட்ட வேண்டும். இதைத் தனிப் பாடமாக நடத்துவதற்குப் பதிலாக, ஊரின் நுழைவாயிலில் ஒரு காவலரை நிறுத்தி, அகரத்தைக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார் என்று வைத்தேன். அவளுக்கு மிகவும் பிடித்த காட்சி அதுவே.

என் நிரலில் உண்மையாகவே இருந்த பிழை வேறு. "இந்தத் தந்தி" என்பது "இந்த்த் தந்தி" என்று வந்தது. ந-த இணையில் ஒருமுறை புள்ளி விழுந்தபின், அடுத்து வந்த தகரத்தைக் கண்டு மீண்டும் ஒரு புள்ளியை என் நிரல் போட்டுவிட்டது. தானியங்கிப் புள்ளி விழுந்த இணைக்கு அடுத்த தட்டில் மறுபடி விழக்கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்ததும் அது தீர்ந்தது. விசையை விடாமல் அழுத்திப் பிடித்தால் புள்ளிகள் வரிசையாக விழுந்த கோளாறும் உடன் இருந்தது. தொடர் அழுத்தங்களைப் புறக்கணிக்கச் சொல்லி அதையும் அடைத்தேன்.

நான் அதிகம் தலையைப் பிய்த்துக்கொண்டது, எழுதியது சரியா தவறா என்று முடிவு செய்யும் இடத்தில்தான். ஆங்கிலத்தில் எதிர்பார்க்கும் எழுத்தும் வந்த எழுத்தும் ஒன்றா என்று பார்த்தால் போதும். தமிழில் 'கு' எழுத வேண்டிய இடத்தில் முதலில் க வரும். அது தவறல்ல, பாதி சரி. கம்பம் என்னும் சொல்லையே பாருங்கள்: கண்ணுக்கு நான்கு எழுத்து; விரலுக்கு ஐந்து தட்டு; கணினியின் ஒருங்குறி (யூனிகோடு) கணக்கில் ஆறு குறியீடுகள். முதலில் கணினியின் கணக்கை நம்பி ஒவ்வொரு குறியீடாக வண்ணம் பூசினேன். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே பிரிந்து, தாங்கிக்கொள்ள எழுத்தின்றிப் புள்ளி வட்டங்களின்மேல் தொங்கின. எழுத்தை உடைக்காமல் வெட்டித்தரும் வசதி இப்போது உலாவிகளிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் க்ஷ, ஸ்ரீ ஆகிய இரண்டும் பிளவுபடும் என்றாலும், எனக்கு அவை தேவைப்படவில்லை.

இறுதியில், வண்ணத்தை எழுத்து வாரியாகவும் ஒப்பீட்டைத் தட்டு வாரியாகவும் பிரித்தேன். ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் அதற்குத் தேவையான தட்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சிறு பொட்டுகள் இருக்கும். சரியான தட்டு விழும்போது ஒரு பொட்டு நிறையும். எல்லாப் பொட்டும் நிறைந்தால் எழுத்து நிறம் மாறும். 'க்க' என்பதைக் க, க என்றும் தட்டலாம். க, புள்ளி, க என்றும் தட்டலாம். இரண்டையும் ஏற்க வேண்டும். ஆகவே, ஒரு சொல்லுக்கு ஒரே தட்டு வரிசை என்று வைக்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் அனுமதிக்கத் தக்க தட்டுகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நகரும்படி எழுதினேன். அரை நாளில் முடியும் என்று நினைத்த இந்த ஒரு பகுதி ஒன்பது இரவுகளைத் தின்றது.

ஃபயர்ஃபாக்ஸில் ஆடியபோது வேறொரு வேடிக்கை. ய எழுதினாலோ ழ எழுதினாலோ திரையின் அடியில் ஒரு தேடுபட்டை எழும்பி, அடுத்து தட்டும் எழுத்துகளையெல்லாம் விழுங்கியது. தமிழ் 99இல் ய இருப்பது ஒற்றை மேற்கோள் விசையில், ழ இருப்பது சாய்கோட்டு விசையில். அந்த உலாவியில் இரண்டுமே விரைவுத் தேடலுக்கான குறுக்குவழிகள். விசையின் இயல்பான வேலையை உலாவி செய்யாதபடி தடுக்கும் ஒரே வரியில் இது சரியாகிவிட்டது. சோழவந்தான் மட்டும் ஏன் அடிக்கடி 'சோ'வோடு நின்றுவிடுகிறது என்று அதற்குமுன் ஒரு மாலை முழுவதும் விழித்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டுக்கு ஒரு பதற்றம் வேண்டுமே, அதற்கு வைகை அணையின் நீர்மட்டத்தை எடுத்துக்கொண்டேன். 1959இல் திறக்கப்பட்ட அந்த அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்பது எங்கள் பக்கத்து ஆற்றங்கரைக்காரர்களுக்கு மனப்பாடம். இந்த மூன்று எண்களை அப்படியே விளையாட்டின் மூன்று கட்டங்களாக்கினேன். கம்பத்தில் புறப்படும்போது மட்டம் 60 அடி. ஒவ்வொரு தவறான தட்டுக்கும் 0.1 அடி ஏறும். 69ஐத் தொட்டால் பயணி அணையைத் தாண்டுவதற்கு முன்பே மதகு திறந்துவிடும். அணைக்குக் கீழே தண்ணீர் துரத்தத் தொடங்கும். முன்பகுதியில் எவ்வளவு கவனமாக எழுதினீர்களோ அவ்வளவு தூரம் தண்ணீருக்கு முன்னால் இருப்பீர்கள்.

முதலில் நேரம் போகப் போகவும் மட்டம் ஏறும்படி வைத்திருந்தேன். அதை எடுக்கச் சொன்னவர் என் சித்தி. மதுரையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பல ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லோயர், ஹையர் என்று எத்தனையோ பேரைத் தேர்ச்சி பெற வைத்தவர். பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "புள்ளை விசையைத் தேடிக்கிட்டு இருக்கும்போது நீ எதுக்குடா விரட்டுறே? தப்பில்லாம அடிக்கப் பழகட்டும், வேகம் தானா வரும்" என்றார். தேனி வரை நேரக் கணக்கை முழுவதும் நீக்கினேன். பின்னழிப்பு விசையே கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்டளை. தட்டச்சுப் பொறியில் அடித்தது அடித்ததுதான். தவறான தட்டு திரையில் எழுத்தாகவே விழாமல், சொல் சற்றே அதிர்ந்து நிற்கும்படி செய்ததில் அவருக்கும் நிறைவு, எனக்கும் லாபம். 'கொ'வைப் பின்னழித்தால் எதுவரை அழிய வேண்டும் என்ற வழக்கை நான் தீர்க்க வேண்டியிருக்கவில்லை.

நீர்மட்டத்தைக் காட்ட ஓர் அளவுகோலைத் திரையின் மூலையில் வைத்தது இன்னொரு பிழை. கண் சொல்லைவிட்டு அளவுகோலுக்கு ஓடியது. ஓடிய ஒவ்வொரு முறையும் ஒரு தவறு விழுந்தது. தவறால் மட்டம் ஏறியது. ஏறியதைப் பார்க்க மறுபடி கண் ஓடியது. அளவுகோலை எடுத்துவிட்டு, சொல்லின் அடியிலேயே ஆற்றை ஒரு பட்டையாக வரைந்து, மட்டம் ஏற ஏற அது கலங்கிச் செம்மண் நிறமாகும்படி செய்தேன். எச்சரிக்கைக் கட்டங்களில் சங்கு ஊதும். பார்க்காமலே தெரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது.

மதுரைக் காட்சிக்குத்தான் படம் வரைவதில் அதிக நேரம் செலவிட்டேன். ஆற்றின் நடுவே மைய மண்டபம், பின்னால் 1889ஆம் ஆண்டின் ஏ.வி. பாலத்தின் வளைவுகள், முன்னால் தண்ணீர் வந்தால் முதலில் மூழ்கும் தரைப்பாலம். தரைப்பாலத்தில் இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சொல் ஒட்டியிருக்கும். அதை எழுதினால் வண்டி திரும்பிப் போகும். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் இடம் என்பதால் படத்தில் கொஞ்சம் ஆசையைக் காட்டிவிட்டேன். அவள் அந்தப் படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண் சொல்லில் இருந்தது. தட்டச்சு விளையாட்டில் படம் வரைபவர் இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஔ மிச்சம் என்றேன். மதுரைக்குக் கிழக்கே ஆற்றோரத் தோப்பு ஒன்றில் வௌவால்கள் கலைந்து பறக்கும் காட்சியை அதற்கென்றே அமைத்தேன். காட்சி சரியாக ஓடவில்லை. எவ்வளவு சரியாக எழுதினாலும் வௌவால் பறக்க மறுத்தது. பட்டியலை நுணுகிப் பார்த்தபோது, எங்கிருந்தோ நான் நகலெடுத்த அந்தச் சொல்லில் ஔகார உயிர்மெய் இல்லை; வெ, ள என்று இரண்டு எழுத்துகளைப் பக்கத்தில் நிறுத்தி யாரோ ஒப்பேற்றியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அதன்பின் பட்டியல் முழுவதையும் ஒருங்குறியின் இயல்பாக்க விதிப்படி ஒருமுறை ஓடவிட்டு, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகக் கிடந்த சில ஒகரங்களை ஒன்றாக்கினேன். ஆனால் வெ-ளவை அந்த விதியால் பிடிக்க முடியாது. அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் தேடித் திருத்தினேன்.

கீழடி, மானாமதுரை, பரமக்குடி மூன்றும் வேகமாகக் கடந்துபோகும் கட்டங்கள். புதிய விசை எதுவும் இல்லை, துரத்தும் தண்ணீர் மட்டுமே உண்டு. மானாமதுரையில் கடம் செய்பவரின் சூளையை மேட்டுக்கு மாற்றும் சிறு கிளைக்கதை ஒன்று உண்டு. ஜ வேண்டும் என்பதற்காகப் பேரணையில் கால்வாய் வழியே அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குப் போய்வரும் கிளை ஒன்றையும் எழுதினேன். ஷிஃப்ட் விசை நடுவில் வந்து தாளத்தைக் கெடுத்ததால் அதை எடுத்து ஓரமாக வைத்திருக்கிறேன்.

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று காட்டாமல், நிமிடத்துக்கு இத்தனை எழுத்து என்று காட்டுகிறேன். ஐந்து தட்டு ஒரு சொல் என்னும் ஆங்கிலக் கணக்கு உத்தமபாளையத்தை இரண்டரைச் சொல்லாக்கிவிடும் என்பது ஊர்க்காரியின் ஆட்சேபம்.

காலாண்டு விடுமுறைக்கு வந்தவள் பெரிய கண்மாய் வரை போய்ச் சேர்ந்தாள். அணையில் மட்டம் 63.4 அடி. அவள் எழுந்ததும், "தள்ளு, சின்ன அம்மாச்சியும் ஒரு தடவை பார்க்கிறேன்" என்று சித்தி உட்கார்ந்தார். கம்பத்தைத் தாண்ட முடியவில்லை. அவர் விரல்களில் இருப்பது பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பு. அதில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிக்க வேண்டும், விசைகளின் இடமும் வேறு. அந்த அமைப்பையும் சேர்க்கலாம் என்று சொன்னேன். சேர்த்தால் நடுவரிசை மாறும். நடுவரிசை மாறினால் தந்தி என்னும் சொல் அதற்குள் அடங்காது. சித்தி தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் தம் நடுவரிசை எழுத்துகளை எழுதி வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும், தந்திக்கு ஈடான சொல் ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.